துபாஷியை விரட்டியது யார்?

எந்தக் கணினியைப் பழுதுபார்க்கப் போனாலும், அதன் முன்னால் உட்காருவதற்கு முன்பே, "இதுல யாரு கை வச்சது?" என்று கேட்டுவிடுவது வெங்கடேஷ்பாபுவின் வழக்கம்.

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அறையில் நிற்பவர்களின் கைகளைப் பார்ப்பார். இயந்திரங்கள் தாமாகக் கெடுவதில்லை, மனிதர்கள்தாம் கெடுக்கிறார்கள் என்பது அவருடைய அசையாத கொள்கை.

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்திலிருந்த பார்வையற்றோர் பள்ளியின் அச்சுக்கூடத்திலும் அன்று காலை அதையேதான் கேட்டார். குரல் மட்டும் வழக்கத்தைவிட மிகவும் உயர்ந்திருந்தது.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

பள்ளியின் பிரெயில் அச்சுப்பொறி பழைய உருப்படி. ஆனால் கல்லைப் போல உறுதியானது. அதை இயக்கும் மென்பொருளோ இன்று எவரும் சீந்தாத விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். அந்த எக்ஸ்பி இருந்த கணினி ஓர் இடிமழையில் கருகிப் போயிற்று. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொன்னார்கள் விற்பனையாளர்கள். நன்றாக ஓடும் இயந்திரத்தைக் குப்பையில் போடச் சொல்ல இவர்கள் யார் என்று கொதித்துப்போன வெங்கடேஷ்பாபு, புதிய கணினிக்குள்ளேயே மெய்நிகராக ஒரு பழைய கணினியை உருவாக்கினார். வீட்டுக்குள் இன்னொரு வீடு கட்டி, வயதான விருந்தாளி ஒருவரைக் குடிவைத்தாற்போல.

விருந்தாளிக்கு வெளியே நிற்கும் அச்சுப்பொறி தெரியவில்லை. இருவருக்கும் இடையே பேச்சு நடத்தித் தர டிரைவர் என்கிற துபாஷி வேண்டியிருந்தது. புதிய துபாஷிகளுக்கு முதியவரின் மொழி தெரியாது. பழைய துபாஷிகளை அவர்களைப் படைத்தவர்களே கைகழுவிவிட்டார்கள். இணையத்தின் சந்துபொந்தெல்லாம் அலைந்து, யாரோ ஒரு புண்ணியவான் சேமித்து வைத்திருந்த டிரைவரைக் கண்டெடுத்து நிறுவினார். அச்சுப்பொறி கடகடவென்று ஒரு வரி குத்திக் காட்டியது. வினாத்தாள்கள் வந்ததும் அடிக்கலாம் என்று அணைத்துவிட்டு, நிம்மதியாக ஆனையூரில் இருக்கும் தம் வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் வந்து பார்த்தால் டிரைவர் இல்லை.

நிறுவியதற்கான சுவடுகூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் நிறுவினார், ஓடியது, அணைத்துவிட்டுப் போனார். இன்று காலை அதுவும் இல்லை.

வினாத்தாள்கள் வந்துவிட்டன. திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வு.

அந்த அறையில் நாள் முழுவதும் இருப்பவள் பாண்டீஸ்வரி. அச்சாகி வரும் தாள்களை விரலால் படித்துப் பிழை சொல்பவள். பிறவியிலேயே பார்வை இல்லை. அவளுடைய மேசை கணினிக்கு அடுத்தாற்போல இருந்தது.

"கண்ணு தெரிஞ்சவுக கையவே நம்ப முடியல. தொட்டுத் தடவியே பழகுன கை, பக்கத்துல இருக்கிற மிஷின மட்டும் சும்மா விட்டுருக்குமா?" என்றார் வெங்கடேஷ்பாபு. தாள் அடுக்குபவர்கள், தைப்பவர்கள், ஆசிரியைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பாண்டீஸ்வரியின் முகம் சிவந்துவிட்டது. "அண்ணே, நான் எழுத்தத் தொட்டுப் படிக்கிறவ. உங்க மவுசத் தடவி என்னத்தப் படிக்கப் போறேன்?"

நிர்வாகி நாகமணி அம்மாவுக்குத் தேர்வுக் கவலை. அவர் யாரையும் விசாரிக்கவில்லை. மேசையை வராந்தாவுக்கு நகர்த்தச் சொன்னார். தேர்வு முடிந்ததும் இந்த வேலைக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

வெங்கடேஷ்பாபு கணினியின் முன் உட்கார்ந்தார். உள்ளே குடிவைத்த பழைய கணினியின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அங்கே ஒரு கட்டத்துக்குள் இருந்த ஒரே ஒரு 'டிக்' குறியை எடுத்தார். டிரைவரை நிறுவினார். அணைத்தார். திறந்தார்.

டிரைவர் இருந்தது.

அச்சுப்பொறி முழங்கத் தொடங்கியதும் கைதட்டினார்கள். யாரோ காபி கொண்டுவந்து நீட்டினார்கள். "நல்ல வேளை, மேசைய நகத்துனோம்" என்றார் நாகமணி அம்மா.

காபியைக் குடிக்காமல் அப்படியே வைத்தார்.

எழுந்து வராந்தாவுக்குப் போனார். மேசையைத் தாமே தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டார். பிறகு நாற்காலியையும். "ஒக்காரும்மா, தப்பு என் பேர்லதான்" என்றார். அச்சுப்பொறியின் இரைச்சலில் அது அவள் காதுக்கு மட்டுமே எட்டியது.

பின்னாலேயே வந்த பாண்டீஸ்வரி உட்காரவில்லை.

"பழிய அம்புட்டுப் பேரு முன்னாடி போட்டீக. இப்ப எனக்கு மட்டும் சொன்னா ஆச்சாண்ணே?"

வெங்கடேஷ்பாபு அச்சுப்பொறியிடம் போனார். பிறகு, அரும்பாடுபட்டு ஓடவைத்த அந்த இயந்திரத்தைத் தம் கையாலேயே நிறுத்தினார்.

திடீரென்று விழுந்த அமைதியில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். மறுபடியும் போய்விட்டதோ என்று நாகமணி அம்மா ஓடிவந்தார்.

"பாண்டீஸ்வரி எதுலயும் கை வைக்கல, மேடம்" என்றார் வெங்கடேஷ்பாபு. "ஒங்க ஆளுகள நம்பாம, யாரு எதத் தொட்டாலும் அணைச்சதும் அழிஞ்சு பழையபடி ஆயிரணும்னு மொத நாளே இதுக்குள்ள சொல்லிவச்சது நாந்தான். நான் போட்டதயும் அதுதான் அழிச்சிருக்கு. சொல்லிவச்சதையும் மறந்துட்டு, இந்தப் பொண்ணு மேல பழியப் போட்டேன்."



பாண்டீஸ்வரி நாற்காலியைத் தடவிப் பார்த்து, இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இனி ஓட விடுங்கண்ணே" என்றாள். "பிள்ளைக பரீச்ச எழுதணும்."