தினம் ஒரு சாண்

மனிதர்களைக் கண்டாலே மைனாவுக்கு உதறல். ஆனாலும் மூன்றாவது மாடி பால்கனியில் தினமும் காலையில் வேர்க்கடலையோடு கை நீட்டுகிற திருமேனியின் குரல் அதற்குப் பிடித்திருந்தது.

"நீ அவர்கிட்ட போகாதே. அவர் உன்கிட்ட வரட்டும். நம்பிக்கை அப்படித்தான் வளரும்," என்றது காகம்.

முதல் நாள் மைனா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. திருமேனி கை நீட்டிக் கடலை கொடுத்தார். மறுநாள், காகம் சொன்னபடி, வெளியே துருத்திக்கொண்டிருந்த துணி காயப்போடும் கம்பியில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது. அவர் எக்கிக் கொடுத்தார். அப்புறம் தினம் ஒரு சாண். ஆறாம் நாள் அவர் ஸ்டூல் போட்டு ஏறி, சுவருக்கு வெளியே பாதி உடம்பை வளைத்து நீட்டினார்.

"பயப்படாதே கண்ணு," என்றார்.

கடலையை வாங்கிக்கொண்ட மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. காகத்திடம் பறந்துபோய், "எனக்குப் பயமே போயிடுச்சு!" என்றது.

"அவருக்கும் போயிடுச்சு," என்றது காகம். "நாளைக்குக் கம்பி நுனியில உட்காரு."

மைனா கீழே பார்த்தது. சிமெண்டுத் தரையில் காகங்கள் வட்டமாக உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தன.