கரண்ட் போன பிறகு வந்த கோடு

ஆர்க்கிடெக்ட் கனகலட்சுமி எந்தக் கட்டடத்தையும் தனியாக வரைந்ததில்லை. அதில் புழங்கப்போகிறவர்களைக் கூட்டிவைத்து, கையில் சாக்பீஸைக் கொடுத்து, தரையில் அவர்களோடு சேர்ந்துதான் வரைவார். கீழக்குயில்குடிப் பெண்கள் அவர் போட்ட கோட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டுத் தங்கள் கோட்டைப் போடுவார்கள். அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

2004இல் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. அந்த ஊர் பால்வாடிக்கான வரைபடத்தை கே.கே. நகர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் தொடர்ந்தார். பெண்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் கூடினார்கள். ஒரே படம் இரண்டு இடத்திலும் தெரிந்தது. அவருக்கு நீலக் கோடு, அவர்களுக்குச் சிவப்பு. ஆனால் நீலத்தை ஒருவரும் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் "சரிங்கம்மா" என்றுதான் பதில் வந்தது.

ஒரு மதியம் சிவப்புக் கோடு அவருடைய சுவரை அழித்தது. வெட்டுவதாக இருந்த வேப்பமரத்தைச் சுற்றி வளைந்து போனது. வாசலைக் கிழக்கே தள்ளியது. வளைவை ஒட்டிக் குழந்தைகள் உட்கார ஒரு திண்டு போட்டது. கொஞ்சமும் தயங்காத கை. கனகலட்சுமிக்குப் புல்லரித்தது.

செல்போன் அடித்தது.

"அம்மா, பாண்டியம்மா பேசுறேன். இங்க காலையிலருந்தே கரண்ட் இல்ல. கடையப் பூட்டிட்டாக. நாங்க வீட்டுக்குப் போறோம்."

"அப்ப வரையுறது யாரு?"

"யாரும் இல்லையேம்மா. யாரும் எதையாச்சும் கெடுத்துட்டாகளா?"

"கெடுக்கலை. இம்புட்டு நல்லா எனக்கு வராது."

கோடு இப்போது அவர் நீலத்தில் போட்டிருந்த பால்வாடிச் சமையலறைக்குள் நுழைந்திருந்தது. கனகலட்சுமி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.