பூவிழிக்கு மட்டும் விடுமுறை

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு குளிர்காலக் கதை சொல்கிறேன்.

கோத்தகிரியில் துளசிமணி என்றொரு தாய். அவள் மகள் பூவிழி உயர்நிலைப் பள்ளியில் படித்தாள். பள்ளிச் செய்தியை அந்தந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி ஒரு மிஷினே எழுதி அந்தந்த வீட்டுக்கு அனுப்புகிற காலம் அது. விளையாட்டு விழாவுக்குத் தேதி வரும் வருமென்று, உறைபனியிலும் விடியலில் ஓடிப் பழகினாள் பூவிழி. வியாழன் மாலை வந்த செய்தியோ இவ்வளவுதான்: "திங்கள் முதல் ஸ்வெட்டர் கட்டாயம். நாளை விடுமுறை."

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ரெஜினா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, விளையாட்டு விழாவுக்கு இன்னும் கிளம்பலையா?"

தாயும் மகளும் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். வாசலில் காவலாளி மறித்தார்.

"உங்க பாப்பாவுக்கு இன்னிக்கு லீவும்மா. ஓட்டப் பந்தயத்துல கடைசியாத்தான் வரும்னு மிஷின் கணக்குப் போட்டிருக்கு. புள்ள மனசு நோகக் கூடாதுன்னுதான் சொல்லாம விட்டுருக்கு."

"கடைசியா வந்தா வந்துட்டுப் போறா! உள்ள விடுங்கண்ணா!"

அதற்குள் மைதானத்தில் பந்தயம் தொடங்க விசில் ஊதிவிட்டார்கள்.

அடுத்த நாள் விடியலில் துளசிமணி மகளைத் தட்டி எழுப்பினாள். "ஓடப் போகலையா, தங்கம்?"

"எதுக்கும்மா? அந்த மிஷினுக்குத் தெரியாததா?" என்று பூவிழி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் ஓடித் தோற்கவும் ஓர் இடம் கிடைக்கட்டும்.