சட்டைப்பையில் சாவி

"முடிக்காம எழுந்திருக்கக் கூடாது."

மாப்பிள்ளையின் குரல்தான். மூடிய அறைக்குள்ளிருந்து வந்தது. சும்மா சாத்தியிருந்த வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்தில் கால் வைத்த அப்பா, கையிலிருந்த பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

"ஒரே நிமிஷம்ங்க. கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்துடறேன்." இது மகள்.

"ஜன்னல் திறந்துதான் இருக்கு."

"போனையாவது குடுங்களேன்."

"சாயங்காலம் தரேன். எழுது."

குரலில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் அப்பாவைப் பயமுறுத்தியது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கத்துகிறவனைச் சமாளித்துவிடலாம், அமைதியாகப் பேசுகிறவனிடம்தான் உஷாராக இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட அனுபவம்.

இப்படி ஏதாவது நடக்கும் என்று பயந்துதான் சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டு வந்திருந்தார். போன வாரம், காலையில் கூட நடக்கிற நண்பர் ஒருவர் தன் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது உங்க பொண்ணுதானே?"

அதில் ஓடிய வீடியோவில் மகள் சிரித்துக்கொண்டே ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு இருக்கிறதாம். சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை, மூளை ஓடுகிற விதமே அப்படியாம். முப்பத்தைந்து வயதில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்ததாம். தன்னைப் போன்றவர்கள் யாரும் ஒளிய வேண்டாமாம்.

அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்த பெண்டாட்டியை எந்தப் புருஷன் சும்மா விடுவான்? நேற்றிலிருந்து மகளுக்குப் போன் அடித்தால் மாப்பிள்ளைதான் எடுத்தார். "வேலையா இருக்கா மாமா" என்று வைத்துவிட்டார்.

அறைக் கதவின் கைப்பிடியை மெல்லத் திருகிப் பார்த்தார். பூட்டியிருந்தது. பூனை போல வராந்தாவுக்குப் போய், பாதி திறந்திருந்த ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

மேஜையில் மகள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் கசக்கிப் போட்ட காகிதங்கள். கதவை மறித்தாற்போல் நாற்காலியைப் போட்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார், சட்டைப்பையில் சாவி. மகள் எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் விரலை மட்டும் அசைத்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியலங்க. விட்டுடுங்களேன், ப்ளீஸ்."

அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த கெஞ்சல் அது. சின்னப் பெண்ணாக இருந்தபோதும் அவள் இப்படித்தான் கெஞ்சுவாள்.

"நேத்து என்ன பேசினோம்? நீ கெஞ்சினாலும் அழுதாலும் கதவு திறக்காது. சாயங்காலம் அத்தனை பேர் முன்னாடியும் நீதான் நின்னு படிக்கணும்."

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. மன்னிப்புக் கடிதம் எழுத வைக்கிறான்! ஊரைக் கூட்டி அதைப் படிக்கவும் வைக்கப்போகிறான்! இத்தனை வருஷமாக 'அவர்' ஆக இருந்த மாப்பிள்ளை, அந்த நிமிஷமே 'அவன்' ஆகிவிட்டான்.

கூடத்துக்கு ஓடிவந்து கதவை இரண்டு கையாலும் தட்டினார்.

"கதவைத் திறடா!"

பூட்டு திறந்ததுதான் தாமதம், மாப்பிள்ளையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "வாம்மா, கிளம்பு! இனிமே ஒரு நிமிஷம்கூட நீ இங்க இருக்க வேண்டாம்!"

"அப்பா, அவரை விடுங்க!" மகள் குறுக்கே பாய்ந்தாள். "நான்தான்பா பூட்டச் சொன்னேன்!"

"பயப்படாதம்மா. நான் வந்துட்டேன். இவன் சொல்லிக் குடுத்ததையெல்லாம் சொல்லாதே."

"ஐயோ, நிஜமாப்பா! சாயங்காலம் நகராட்சி மண்டபத்துல ஏ.டி.எச்.டி. பத்தி நான் பேசணும். நாலு நாளா பேச்சு எழுத உட்காரறேன், எழுந்து போய் அலமாரியைத் துடைக்கறேன், பக்கத்து வீட்டு நாயைக் குளிப்பாட்டறேன். எழுதறதைத் தவிர எல்லா வேலையும் நடக்குது! யாராவது கூடவே உட்கார்ந்திருந்தாத்தான் எனக்கு வேலை ஓடும். அதான் இவரை லீவு போடச் சொல்லி, போனையும் சாவியையும் நானே குடுத்தேன். கெஞ்சினா திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கியிருக்கேன்."

மாப்பிள்ளை கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "காலையிலேர்ந்து கெஞ்சிக்கிட்டே இருக்கா மாமா. எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு."

அப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்ததில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டியது. மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை, பதறிட்டேன். ஒரு பொண்ணு அந்தக் கெஞ்சு கெஞ்சறா, மனசு இளகாம அறைக்குள்ள போட்டுப் பூட்டி வைக்கறானே, இவனெல்லாம் மனுஷனான்னு தோணிடுச்சு."

மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டுப்பாடம் முடிக்கலைன்னு நீங்க என்னைப் பூட்டி வச்சீங்களேப்பா."