இன்னொரு சாவி

"எங்க வண்டிச் சாவியைக் கொடுங்கக்கா!"

சின்னவள் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"எந்தச் சாவி?" என்றாள் பெரியவள். முகம் வெளுத்திருந்தது.

"நடிக்காதீங்க. ஆணியில தொங்கின சாவியை நீங்க கைக்குள்ள மூடி எடுத்துட்டுப் போனதை இந்தக் கண்ணால பார்த்தேன்."

பெரியவள் மறுக்கவும் இல்லை. சாவியைக் கொடுக்கவும் இல்லை.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் இருவரும். முன்பக்கம் பெரியவள் குடித்தனம், பின்பக்கம் சின்னவள் குடித்தனம். முன்பக்கத்தில் கார் வந்து நின்ற நாளிலிருந்து பின்பக்கத்தில் நிம்மதி போயிற்று. அதுவும் பெரியவள் தானே ஓட்டப் பழகி, ஹாரன் அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் சின்னவளுக்கு வயிறு பற்றி எரியும்.

தையல் மெஷினில் முதுகொடிய உட்கார்ந்து சேர்த்ததையெல்லாம் கொட்டி, கைமாறி வந்த பெரிய பைக் ஒன்றைக் கணவனுக்கு வாங்கிக் கொடுத்தாள். முன்னால் உயரமான கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. தெருவே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அது போதும்.

நேற்று கார் சர்வீசுக்குப் போயிருந்தது. பெரியவள் அதே பைக்கில், சின்னவளின் கணவனுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். தெருமுனையில் நின்று இருவரும் தணிந்த குரலில் என்னமோ பேசினார்கள். சின்னவளைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது.

இன்று சாவி காணோம்! லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு சூப்பர்வைசர் இன்டர்வியூ இருக்கிற நாளாகப் பார்த்து!

"விடு, பஸ்ல போயிக்கறேன்" என்றான் அவன், ஷூ மாட்டியபடி.

"வேணாம் தம்பி. நான் கார்ல கொண்டு விடறேன்" என்றாள் பெரியவள் அவசரமாக.

"ஓஹோ, அதுக்குத்தான் சாவி காணாமப் போச்சா? நேத்து பின்னாடி உட்கார்ந்தது பத்தலை, இன்னைக்குப் பக்கத்துல உட்காரணுமா?"

"என்ன பேச்சு பேசறே!"

"திருடிகிட்ட வேற எப்படிப் பேசறது? என் வீட்டுக்காரர் மேல வந்துடுவாரேன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல்!"

பெரியவள் கண்ணில் நீர் முட்டியது.

சின்னவள் விடுவிடுவென்று உள்ளே போய், அலமாரியைக் குடைந்து, இன்னொரு சாவியோடு வந்தாள்.

"இந்தாங்க. யாரு தடுக்கறாங்கன்னு நானும் பார்க்கறேன்."

அவன் சாவியைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

பைக் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், பெரியவள் செருப்புகூடப் போடாமல் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே பறந்தாள்.

"பார்த்தீங்களா, பொறுக்க முடியலை!" என்றாள் சின்னவள், மாடி வீட்டுக்காரரிடம்.

தைக்க உட்கார்ந்தாள். ஊசியில் நூல் ஏற மறுத்தது. போன் அடித்தது.

பெரியவள்தான். "பதறாதே. தம்பிக்கு ஒண்ணும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு உடனே வா."

ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் கார் நின்றது. பின்பக்கம் கசங்கிய டப்பா மாதிரி நெளிந்து கிடந்தது. அதில் ஒரு கீறலாவது விழாதா என்று எத்தனை நாள் நினைத்திருப்பாள்! இப்போது அதை ஏறிட்டுப் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

கணவன் படுத்திருந்தான். கட்டிலருகே பெரியவள் வெறுங்காலோடு நின்றிருந்தாள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன். முழங்கையில் ஒரு கட்டு.

"பிழைச்சுட்டார்" என்றார் டாக்டர். "சைலன்சர் இன்ஜினோட சேர்ற இடத்துல விரிசலாம். வெளியே போக வேண்டிய புகை, முன் கண்ணாடிக்குப் பின்னால சுழன்று முகத்துக்கே வந்திருக்கு. ஓட்டறவங்க தூக்கம் வருதுன்னு நினைச்சுக்குவாங்க. அது தூக்கம் இல்லைம்மா, விஷம். சிக்னல்ல லாரி நிக்கறதுகூடத் தெரியாம நேராப் போயிருக்கார். இவங்க மட்டும் நடுவுல காரை விடலேன்னா..."

டாக்டர் முடிக்காமலே போய்விட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"நேத்து பின்னாடி உட்கார்ந்து வந்தப்பவே எனக்குத் தலை கிறுகிறுன்னு வந்துது. தம்பி தலையும் தொங்கித் தொங்கி நிமிர்ந்துது. இறங்கிக் காத்துல நின்னதும் ரெண்டு பேருக்கும் தெளிஞ்சுது. மெக்கானிக்கிட்ட காட்டற வரைக்கும் வண்டியைத் தொடாதீங்கன்னு சொன்னேன். இன்டர்வியூ முடியட்டும் அண்ணின்னார். அதான் சாவியை எடுத்தேன். உங்கிட்ட இன்னொண்ணு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை."

சின்னவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா... எல்லார் முன்னாடியும் திருடின்னு கத்தினேனே, அப்பவாவது..."

பெரியவள் கட்டிலைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சொல்லியிருக்கணும். தப்புதான். ஆனா தம்பி என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்ம்மா. 'ராப்பகலாத் தைச்சு வாங்கிக் கொடுத்த வண்டி, அதுல குறைன்னு உங்க வாயால கேட்டா அவ தாங்கமாட்டா அண்ணி'ன்னார்."