பன்னிரண்டு மணி மலை

மொட்டை மாடித் தரை கொதித்தது. சந்திரகலா கேமராவைத் தருமனிடம் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்திருந்தாள்.

கொடுத்தால் எதையாவது மாற்றிவிடுவான் என்று பயம்.

வேங்கிக்காலில் அவள் வீட்டு மாடியில் நின்றால் கார்த்திகை தீபம் ஏற்றும் மலை முழுசாகத் தெரியும். அதைக் கிட்டத்தில் இழுத்துப் பிடிக்கத்தான் ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த லென்ஸை வாங்கினாள். நாற்பது வருஷத்துப் பழையது. ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனதாம். செங்கம் ரோட்டில் கேமரா ரிப்பேர் கடை வைத்திருக்கும் தருமன் அப்படித்தான் சொன்னான். அவளுடைய புது மிரர்லெஸ் கேமராவில் அது நேராகப் பொருந்தாது. நடுவில் அடாப்டர் என்று ஒரு வளையம் வேண்டும். அதையும் அவனே கொடுத்தான்.

பக்கத்தில் இருப்பதெல்லாம் நன்றாகவே விழுந்தது. தொட்டியில் இருந்த செம்பருத்தியின் மகரந்தத்தை எண்ணலாம். எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்கின் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன.

மலை மட்டும் தெளியவில்லை.

ஆபீஸ் போகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நேரம். துணி துவைத்து, சமையலை முடித்துவிட்டு மேலே வருவாள். மூன்று ஞாயிறு எடுத்துப் பார்த்தாள். லேப்டாப்பில் பெரிதாக்கினால் பாறைகளின் ஓரமெல்லாம் பிசிறியது. மட்டமான அடாப்டர் போட்டால் தூரத்தில் ஃபோகஸ் நிற்காது என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். கீழே விழுந்த லென்ஸும் இப்படித்தான் செய்யும் என்றார் இன்னொருவர். அதன் பிறகு லென்ஸைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு திருகாணியின் தலை தேய்ந்திருந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள்.

போனில் கேட்டதற்குத் தருமன் மறுக்கவில்லை. உள்ளே பூஞ்சை இருந்ததாகவும், தான்தான் திறந்து துடைத்ததாகவும் சொன்னான். விற்கும்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னான்.

இன்றைக்கு அவன் ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். மோர் கொடுத்தாள், வேண்டாம் என்றான். எப்போதும் அக்கா, அக்கா என்பவன் வாய்க்கு வாய் மேடம் போட்டான். தப்பு செய்தவனுக்குத்தான் இப்படித் திடீரென்று மரியாதை கூடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் கேமராவைக் கொடுத்தாள். அவன் கொண்டுவந்த ஸ்டாண்டில் மாட்டி, திரையில் உச்சியைப் பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, கை படாமல் இருக்க டைமர் வைத்து எடுத்தான். நாலு படம். நாலும் பிசிறின.

அவன் படத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தான். பிறகு நெற்றியில் கையை வைத்து, வெயிலில் வீடு வீடாகக் கிடந்த மாடிகளையும் தகரக் கூரைகளையும் பார்த்துக்கொண்டே நின்றான். சூட்டில் காற்று ஆடுகிறது, நடுவில் இத்தனை கூரை இருந்தால் எந்த லென்ஸும் தெளியாது என்றான்.

ஆள் கிடைக்காமல் காற்றின்மேல் பழி போடுகிறான் என்று அவளுக்குப் பட்டது.

"நாளைக்கு விடிஞ்சதும் இதே எடத்துல வச்சி எடுத்துப் பாருங்க மேடம். அப்பவும் இப்பிடியே இருந்துச்சுன்னா நானே வந்து வாங்கினு போறேன்."

"விடியக்காலத்துல மட்டும் லென்ஸ் நல்லா ஆயிடுமா?"

அவன் ஸ்டாண்டை அவளுக்காக அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கினான்.

அவள் லென்ஸைக் கழற்றாமல், கேமராவை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

திங்கட்கிழமை காலை ஆறேகால். மாடித் தரை சில்லென்றிருந்தது. மலைமேல் முதல் வெயில் விழுந்திருந்தது. ஒரே ஒரு படம் எடுத்து, அங்கேயே திரையில் பெரிதாக்கினாள்.

உச்சிப் பாறையில் படிந்த தீபத்தின் நெய்க்கறை தெரிந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு புதரும் தனித்தனியாக நின்றது. பாறை வெடிப்புகள்கூடத் தெரிந்தன.

இன்னொன்று எடுத்தாள். அதுவும் அப்படியே.

சந்திரகலா தரையில் உட்கார்ந்து போனில் ஒரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். ஊரில் கேமரா வைத்திருக்கிறவர்கள் எல்லாம் இருக்கும் குழு அது. தருமனுக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வரும். நேற்றுக் காலை, சமையலுக்கு நடுவில், அதில் அவள் எழுதியிருந்தாள்: 'தருமன் கடையில் யாரும் லென்ஸ் வாங்காதீர்கள். அடிபட்டதைத் துடைத்து ஏமாற்றி விற்கிறான்.'

கீழே முப்பத்தொரு பதில்கள். தானும் ஏமாந்ததாக மூன்று பேர். இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று ஒருவர்.

தருமனிடமிருந்து ஒன்றுமில்லை. அவன் பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் அந்த வெயிலில் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பானா? அவன் பார்ப்பதற்குள் அழித்துவிட்டால் போதும்.

அழிப்பதற்கு முன், யார் யார் படித்திருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தாள்.

நீளமான பட்டியல். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிக்குக் கொஞ்சம் மேலே அவன் பெயர் இருந்தது.

தருமன். நேற்று, காலை 9.42.

அவன் இவள் வீட்டு மாடிக்கு ஏறி வந்தது பன்னிரண்டு மணிக்கு.