வேகமுத்துவின் ஈரம்

நத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று உங்களுக்கு யாரோ பொய் சொல்லியிருக்கிறார்கள். வேகமுத்து என்ற நத்தை இளவயதில் கிணற்றுச் சுவரெல்லாம் தன் ஈரத்தாலேயே கவிதை எழுதியவர். கல்யாணம் ஆனபிறகு பொந்துக்கும் கீரைப் பாத்திக்கும் நேர்கோடு போட்டே காலம் ஓடிவிட்டது.

ஒருநாள் காலை, கீரை தின்றுவிட்டுத் திரும்பும்போது பாதிச் சுவரில் ஒரு வரி வந்து தொலைத்தது. எழுதினார். இன்னொன்று வந்தது. அதையும் எழுதினார். ஒன்பதாவது வரியில் உடம்பில் ஈரம் தீர்ந்து, வயிறு சுவரோடு ஒட்டிக்கொண்டது. வெயில் இரண்டு முழத்துக்கு மேலேயிருந்து சுவர் வழியே அவரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

மனைவி செல்லாயி தேடிக்கொண்டு வந்தாள்.

"இந்த வயசுல என்னங்க இது?"

"வந்துடுச்சு. அடக்க முடியல."

"காஞ்சு கருவாடாப் போறதுக்குள்ள என் ஈரத்துல ஏறி வாங்க."

அவள் முன்னால் போனாள். அந்தத் தடத்தில் வழுக்கியபடி வேகமுத்து பின்னால் போனார். நேர்வழி இருக்க இவள் ஏன் வளைந்து வளைந்து போகிறாள்? வயிற்றால் தடவிப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன் அவளுக்கு எழுதி, அவரே மறந்துபோன கவிதை. ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

"கொஞ்சம் மெதுவாப் போ செல்லாயி," என்றார். "நான் இன்னும் படிச்சு முடிக்கல."